ஒரு மணி நேரக் கதவு

காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். உள்ளே மாத்திரை இல்லை. கடுகைவிடக் கொஞ்சம் பெரியதாக, சாம்பல் நிறத்தில் சில உருண்டைகள் கிடந்தன.

"இன்னா சார் இது, எலி மருந்தா?" என்றான் கிதர் முகம்மது.

"கோபாலோட உள்ளங்கையிலிருந்து எடுத்தது" என்றார் கம்பவுண்டர். "வெந்த தோலைச் சுத்தம் பண்ணறப்போ டாக்டர் ஒவ்வொண்ணா எடுத்தார். எதுக்கும் இருக்கட்டும்னு மடிச்சு வெச்சேன். போலீசுல யாரும் கேக்கல."

துப்பறியும் வேதகிரி ஓர் உருண்டையை எடுத்து நகத்தால் அழுத்தினார். நகம் பதிந்தது.

"ஈயம்" என்றார்.

வேதகிரி போலீஸ் உத்தியோகத்தை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறிகிறவர். கோபம் வந்தால் அவருக்குப் பேச்சு குறைந்துவிடும். அன்று காலையிலிருந்து அவர் பேசிய வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தக் குறையை உதவியாளன் கிதர் நிரப்பிக் கொண்டிருந்தான். அவன் உத்திரமேரூர்க்காரன். இந்த வாயை வைத்துக்கொண்டு வியாபாரம் நடக்காது என்று அவனுடைய தகப்பனார் மளிகைக் கடையிலிருந்து விரட்டியதால் வேதகிரியிடம் வந்து சேர்ந்தவன்.

வேதகிரியின் கோபத்துக்குக் காரணம் உத்திரமேரூர் ஜெயமங்களா டூரிங் டாக்கீஸ். போன வெள்ளிக்கிழமை முதல் ஆட்டத்தில் ஆபரேட்டர் அறைக்குள் பிலிம் பற்றிக்கொண்டது. பிலிம் பற்றுவது அதிசயமில்லை. அதனால்தான் ஆபரேட்டர் அறைக்கு ஒரு மணி நேரம் தீயைத் தாங்கும் கதவு போட வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் கொட்டகையில் இருக்கும் ஜனங்கள் எல்லோரும் நடந்தே வெளியே போய்விடலாம். ஜெயமங்களாவின் கதவில் அதற்கான பித்தளைத் தகடும் இருந்தது. ஆனால் ஒரு பாட்டு முடிவதற்குள் தீ கதவைத் தாண்டிவிட்டது. கீற்றுக் கூரை பிடித்துக்கொண்டது. பெருநகரிலிருந்து படம் பார்க்க வந்திருந்த சொக்கம்மாள் என்ற கூலிக்காரப் பெண், பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ பெற்ற இரண்டு குழந்தைகளை வெளியே தள்ளிவிட்டு, மூன்றாவது குழந்தையைத் தேடி உள்ளே போனாள். அந்தக் குழந்தை வேறு வழியாக வந்துவிட்டது. சொக்கம்மாள் வரவில்லை.

கொட்டகை முதலாளி முத்துவேல் போலீசில் சொன்னது ஒன்றே ஒன்று. ஆபரேட்டர் கோபால் கதவைத் திறந்துபோட்டு, முக்காலியை முட்டுக் கொடுத்து, வாசலில் நின்று பீடி குடித்துக் கொண்டிருந்தான். அன்று பிற்பகல் உத்திரமேரூர் சத்திரத்தில் தாசில்தார் விசாரணை. அவர் அதை ஏற்றுக் கையெழுத்துப் போட்டால் கோபாலுக்கு ஜெயில்.

கோபால் கட்டிலில் படுத்திருந்தான். இரண்டு கைகளும் முழங்கைவரை கட்டு. விலங்கு மாட்டக் கையில் இடமில்லாததால் காலைக் கட்டிலோடு சேர்த்துச் சங்கிலி போட்டிருந்தார்கள். பக்கத்தில் அவன் மனைவி அம்முலு ஒரு சொம்பில் கஞ்சியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கதவ சாத்திட்டுத்தான் சார் வெளிய வந்தேன்" என்றான் கோபால். "சாத்திட்டுத்தான் ஜனங்கள ஓடச் சொல்லிக் கத்தினேன்."

"தெரியும்" என்றார் வேதகிரி. "திறந்து போட்டு ஓடியிருந்தால் உனக்கு முதுகு வெந்திருக்கும். உள்ளங்கை வெந்திருக்கிறது. கதவு பிளந்துகொண்டு வந்தபோது வெளியிலிருந்து அதைத் தள்ளிப் பிடித்திருக்கிறாய்."

அம்முலு கணவன் முகத்தையே பார்த்தாள். அவளிடம்கூட அவன் இதைச் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது.

"கதவில் ஈயம் எப்படி வந்தது, கோபால்?"

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்."

உண்மை பேசுகிறவர்கள் பொய் சொல்லும்போது பார்க்கச் சங்கடமாக இருக்கும். வேதகிரி மேலே கேட்கவில்லை.

உத்திரமேரூர் பஸ்ஸில் அம்முலு முன்னால் பெண்களோடு உட்கார்ந்தாள். பஸ் மாகறலைத் தாண்டும்வரை வேதகிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "நேற்று மெட்ராஸில் கண்டதை இன்னொரு தடவை சொல்" என்றார்.

"கதவு சோதிக்கிற எடமா சார்? செங்கல் சூளைக்குத் தம்பி மாதிரி ஒரு உலை. அதோட வாயில கதவ சட்டத்தோட பொருத்திட்டாங்க. அந்தாண்ட தீய மூட்டிட்டு, இந்தாண்ட ஒரு ஆபீசர் நாற்காலி போட்டுக் கடியாரத்தப் பாத்துக்கினு ஒக்காந்துட்டாரு. பஸ்ஸுக்குக் காத்துக்கினு இருக்கறாப்பல. நெருப்பு இந்தப் பக்கம் எட்டிப் பாக்குதா, கதவு வளையுதா, தகரம் பிரியுதான்னு பாக்கறாரு. ஒரு மணி நேரம் சார். நான் ரெண்டு தரம் தூங்கி எழுந்தேன். அதுக்கப்புறம் பெரிய குழாய வெச்சுத் தண்ணிய அடிச்சாங்க பாருங்க, அந்தக் கதவு இன்னா பாவம் பண்ணிச்சோ தெரியல."

"உள்ளே என்ன?"

"மரந்தான். குறுக்கும் நெடுக்குமா மூணு அடுக்குப் பலகை. மேல தகரம். காத்து பூர வழி இல்லன்னா மரம் கரியாவுமே தவிர எரியாதாம். அதுக்கோசரம் தகரத்த ஓரத்துல ஒண்ணுக்குள்ள ஒண்ணு மடிச்சுக் கோத்துக்கீறாங்க. ஈயம் ஒரு பொட்டு கூடாதாம். கொஞ்சம் சூட்டுக்கே உருகி வாயப் பொளந்துடும்னு ஆபீசர் சொன்னாரு. நான் ஒரு ஆசைக்குக் கதவத் தொட்டுப் பாத்துட்டேன். புதுச் சட்டை சார். எங்க வூட்ல தொவைச்சுத் தொவைச்சுப் பேஜாராயிட்டாங்க."

"ஈயம் ஒரு பொட்டு கூடாது" என்று வேதகிரி திரும்பச் சொன்னார். "முத்துவேலின் கதவில் ஒரு கைப்பிடி ஈயம் இருந்திருக்கிறது. எரிந்த கதவை மறுநாளே வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டான். பித்தளைத் தகட்டை மட்டும் பத்திரமாக எடுத்துத் தாசில்தாரிடம் கொடுத்திருக்கிறான். உத்திரமேரூரில் ஈயம் வைக்கிறவர் யார்?"

"ஒருத்தர்தான். தகரக் கடை அஹமது பாட்சா. எங்க வூட்டுக் குடம் ஒழுகினாலும் அவருதான், ஊர் சனத்தோட வாளி ஒழுகினாலும் அவருதான்."

அஹமது பாட்சா ஒரு புனலைத் தட்டிக்கொண்டிருந்தார். கிதரைப் பார்த்ததும் சிரித்தார். கிதருக்குப் பின்னால் வேதகிரியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"கொட்டகைக் கதவா? அது எனக்கு எப்டி தம்பி தெரியும். நான் உண்டு, என் புனல் உண்டு."

"மாமு, நீங்க பொய் சொன்னா காது செவக்குது. சின்ன வயசுலேந்து பாக்கறேன்" என்றான் கிதர்.

"இந்தக் கட்டடம் யாருது தெரியுமா ஒனக்கு? முத்துவேல் மொதலாளிது. நாளைக்கே சாமான தூக்கி வெளிய போடுன்னா நான் எங்க போவேன்? போ தம்பி, வேற வேல இருந்தா பாரு."

தட்டும் சத்தம் அதிகமாயிற்று. வேதகிரிக்கு வாய்வரை ஒரு கடுஞ்சொல் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, "கோபாலைக் கேட்டோம்" என்றார். "ஈயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்கிறான்."

சுத்தி பாதியில் நின்றது.

"என் பேர சொல்லலியா?"

"சொல்லவில்லை."

"நெசமாவே சொல்லலியா?"

கடைக்குப் பின்னால் தொங்கிய சாக்குத் திரைக்கு அப்புறமிருந்து பாட்சாவின் மனைவி சைனம்பு பேசினாள். அவள் குரல் மட்டும் வந்தது.

"காது கேட்டிச்சா? ரெண்டு கையும் வெந்து கெடக்குற மன்சன் ஒங்க கடயக் காப்பாத்தறான். நீங்க புனல் தட்டிக்கினு கீறீங்க. தட்டுங்க. நல்லாத் தட்டுங்க."

பாட்சா புனலைக் கீழே வைத்தார். அது உருண்டு போய்க் கிதரின் காலில் இடித்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"அந்தக் கதவ என்னாண்ட கொண்டாந்தது கோபால்தான்" என்றார்.

கிதர் வேதகிரியைப் பார்த்தான்.

"ஆட்டம் இல்லாத நாளு. அவனும் இன்னொருத்தனுமா தூக்கிக்கினு வந்தாங்க. ஓரத்துல தகரம் வாயப் பொளந்துக்கினு இருந்துச்சு. இத்த அடைச்சுக் குடு பாய், எனக்குப் பயமா கீதுன்னான். சூடு வெச்சேன். உள்ளேந்து பொகை வந்துச்சு. தகரத்தப் பிரிச்சுப் பாத்தா, உள்ள மாம்பழப் பெட்டிப் பலகை. சந்துல எல்லாம் மரத்தூளு. இது கதவே இல்லடான்னேன். போய் மொதலாளியாண்ட சொன்னான். அவரு, படம் ஓட்டத் தெரியலன்னா களை எடுக்கப் போன்னுட்டாரு. திரும்பி வந்து என் முன்னாடி நின்னான். என்னால ஆனத பண்ணேன் சார். சுத்தி வர ஈயம் வெச்சு அடைச்சேன். ஒரு சொட்டுத் தண்ணி பூராது. தண்ணி ஒழுகாம பண்ண எனக்குத் தெரியும். நெருப்பு ஒழுகாம பண்ண எனக்கு யாரு கத்துக் குடுத்தாங்க?"

இதை எல்லோர் முன்னாலும் சொல்ல முடியுமா என்று வேதகிரி கேட்டார். பாட்சா சாக்குத் திரையைப் பார்த்தார். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

தெருவில் கிதர் வேதகிரியின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான்.

"சார், யோசிச்சீங்களா? பலகை எரிஞ்சு போச்சு. மாம்பழப் பெட்டின்னு இவரு ஒருத்தர் வாய்தான் சொல்லுது. ஆனா ஈயம் நம்ம கையில கீது. சர்க்கார் சோதிச்ச கதவ கோபால் கெடுத்துட்டான்னு முத்துவேல் ஒரு வார்த்த சொன்னா போதும். நம்ம சாட்சியே நம்ம ஆள குழியில தள்ளிடும். பேசாம விட்டுடலாம்."

"நடந்தது இதுதான், கிதர். பாதியை மறைத்துவிட்டு மீதியை வைத்து ஒருவனைக் காப்பாற்ற எனக்குத் தெரியாது."

"சார், ஒங்களுக்குக் கோபம் வந்தா நல்லாத்தான் இருக்கீங்க. நியாயம் வந்தாத்தான் எனக்குப் பயமா கீது."

சத்திரத்தில் தாசில்தாரின் மேஜைமேல் பித்தளைத் தகடு பளபளவென்று துடைத்து வைக்கப்பட்டிருந்தது. எதிரே முத்துவேல் நாற்காலியில் இருந்தார். அரிசி மண்டியும் டூரிங் டாக்கீசும் வைத்திருப்பவருக்கு நாற்காலி தானாக வந்துவிடும். அம்முலு தூணை ஒட்டி நின்றாள்.

தாசில்தார் களைத்த மனிதர். ஆனால் காது கொடுத்துக் கேட்டார். வேதகிரி ஈய உருண்டைகளை வைத்தார். கதவைத் தள்ளிப் பிடித்த கைகள் என்றார். பாட்சா ஒன்றையும் விடாமல் நடந்ததைச் சொன்னார்.

கிதர் பயந்தது நடந்தது. முத்துவேல் எழுந்தார். முகத்தில் கவலை இல்லை. கேட்காமலே ஒரு வரம் கிடைத்த மாதிரி இருந்தது.

"ஐயா கேட்டுக்குங்க. சர்க்கார் சோதிச்சுத் தகடு குடுத்த கதவு. என்ன ஒரு வார்த்த கேக்காம தகரக் கடைக்குத் தூக்கிக்கினு போய் ஈயம் ஊத்தியிருக்கான். உருகாம இன்னா பண்ணும்? மாம்பழப் பெட்டியாம். வாடகை கேட்டேன்னு இந்த பாய்க்கு என் மேல கோவம்."

தாசில்தார் பேனாவை எடுத்தார். அம்முலு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பாட்சா தரையைப் பார்த்தார்.

"கதவைத் திறந்து வைத்திருந்தான் என்று போலீசில் சொன்னீர்கள்" என்றார் வேதகிரி.

"கூட்டத்துல சரியா தெரியல. எப்டியோ ஒண்ணு, கெடுத்தது அவன்தானே?"

"அவன் தொடும்வரை நல்ல கதவா?"

"நல்ல கதவாவா? மெட்ராஸ்ல நானே கூட நின்னேன். உலையில ஒரு மணி நேரம் வெச்சாங்க. அசையல. தகட்ட அடிச்சுக் குடுத்தாங்க. லாரியில ஏத்திக்கினு வந்து மாட்டினேன்."

"இந்தக் கதவையேவா?"

"இதே கதவ."

"உலையில் வைத்ததும் இதே கதவு. கொட்டகையில் மாட்டியதும் இதே கதவு."

"எத்தினி தரம் கேப்பீங்க? இதே கதவுதான். பெயிண்ட்டு கூட உரியல."

பேனா மையைத் தொட்டது. வேதகிரி, "ஒரு நிமிஷம், ஐயா" என்று தாசில்தாரிடம் சொல்லிவிட்டு, முத்துவேல் பக்கம் திரும்பினார்.

"உங்கள் மண்டிப் படியையும் மரக்காலையும் முத்திரை போடக் கொண்டுபோவீர்கள் இல்லையா?"

"வருசா வருசம். அதுக்கும் இதுக்கும் இன்னா?"

"அங்கே படியை அளந்து பார்ப்பார்கள். சரியாக இருந்தால் முத்திரை அடித்து அதே படியைத் திருப்பித் தருவார்கள். மறுநாள் அதிலேயே அரிசி அளப்பீர்கள். கதவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டீர்கள். கிதர், நேற்று நீ பார்த்த கதவு சோதனையில் ஜெயித்ததா, தோற்றதா?"

"ஜெயிச்சுது சார். ஆபீசர் எல்லாருக்கும் கை குடுத்தாரு. என் கையக்கூடக் குலுக்கினாரு."

"அது இப்போது எங்கே?"

"கரி சார். தீ இருந்த பக்கம் மொத்தமும் கரி. தண்ணி அடிச்ச அடில தகரம் அப்பளம் மாதிரி நெளிஞ்சு போச்சு. கடைசியில, உள்ள எம்மாந் தூரம் கரியாச்சுன்னு பாக்க ஆபீசரே ஆள வெச்சுக் கோடாலியால பொளந்தாரு. அந்தக் கதவ ஊருக்குக் கொண்டாரணும்னா லாரி வேணாம் சார். சாக்கு போதும்."

சத்திரத்தில் யாரும் சிரிக்கவில்லை.

"சோதிப்பது ஒரு கதவை" என்றார் வேதகிரி. "அது எரிந்து அழியும். அதே மரம், அதே தகரம், அதே மடிப்பு என்று அச்சாக அதேபோல் செய்யும் கதவுகளுக்குத்தான் தகடு. சோதனையில் ஜெயித்த கதவு எந்தக் கட்டடத்துக்கும் திரும்பி வருவதில்லை, ஐயா. அங்கே நின்று பார்த்த எவருக்கும் இது தெரியாமல் இருக்காது."

தாசில்தார் கண்ணாடியைக் கழற்றினார். முத்துவேலை வெறும் கண்ணால் பார்த்தார்.

"தண்ணீர் அடிச்சாங்களே, முத்துவேல். அது தீ மூட்டறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

முத்துவேல் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கூடியிருந்தவர்களில் யாராவது உதட்டை அசைத்துக் காட்டுவார்களா என்று பார்த்தார்.

"முன்னாடி" என்றார்.

அதற்கப்புறம் அதிக நேரம் ஆகவில்லை. தகடு எங்கோ இடித்த ஒரு பழைய தியேட்டருடையது. பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. கதவை முத்துவேலின் மண்டிக் கொல்லையிலேயே அடித்தார்கள். பெட்டிப் பலகை அங்கே குவிந்து கிடந்தது. சொல்லி முடித்துவிட்டு, "எல்லாரும் பண்றதுதானே" என்றார் முத்துவேல்.

வேதகிரி அவர் எதிரே போய் நின்றார். குரல் உயரவில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற கிதர் ஓரடி தள்ளி நின்றுகொண்டான்.

"சொக்கம்மாள் மூன்றாவது குழந்தையைத் தேடி உள்ளே திரும்பினாள். அந்தத் தகடு ஒரு மணி நேரம் இருக்கிறது என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாதவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த வாக்கு. அதை நீங்கள் பழைய இரும்புக் கடையில் வாங்கினீர்கள். கடைசிவரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் ஒருவன். அவன் காலில் சங்கிலி போட வைத்தீர்கள்."

தாசில்தார் கோபாலின் பெயரை அடித்தார். காஞ்சிபுரத்துக்கு உத்தரவு எழுதிக் கான்ஸ்டபிளிடம் கொடுத்து, அடுத்த பஸ்ஸிலேயே போகச் சொன்னார். பாட்சாவை அழைத்து, கடையைக் காலி செய்யும்படி யாராவது சொன்னால் தன்னிடம் வரவேண்டும் என்றார்.

முத்துவேலைச் சத்திரத்து வாசலில் உட்கார வைத்துக் காவல் போட்டார்கள். வெயில் இறங்கவில்லை. தண்ணீர் வேண்டும் என்று கேட்டார். ஊர் ஜனம் சுற்றி நின்றது. காலையில் அவருக்கு வழி விட்டவர்கள்தான். ஒருவரும் அசையவில்லை. இன்னொரு தடவை கேட்டார். வேதகிரி காதில் விழாதவர்போல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

அம்முலு கஞ்சிச் சொம்பைக் கழுவி, சத்திரத்துக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். முத்துவேலின் மண்டியில் மூட்டை தூக்க வரும் அவளுடைய சேரி ஜனங்களுக்குத் தாகம் எடுத்தால் இரண்டு கையையும் ஏந்த வேண்டும். வேலைக்காரன் மேலேயிருந்து ஊற்றுவான். அம்முலு ஊற்றவில்லை. சொம்பை அப்படியே அவர் கையில் கொடுத்தாள். அவர் சொம்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு வாய் வைத்துக் குடித்தார்.

"அவனுக்கா அம்மா?" என்றார் வேதகிரி. அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்தக் கேள்வியில் இருந்தது.

"தாகம்னு கேட்டான் சார். தண்ணி குடுத்தா அவன் பண்ணது போயிடுமா? தாகந்தான் போவும்."

கிதர் எதையோ சொல்ல வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. அவனுக்கு அது புதிது.

வேதகிரியின் கோபம் தணியவில்லை. தணிய வேண்டும் என்று அவர் ஆண்டவனிடம் கேட்கவும் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு முன்னால் அதை வைத்துக்கொண்டு நிற்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

அம்முலு சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"காஞ்சிபுரம் பஸ்ஸு எப்ப சார்? எங்க வூட்டுக்காரு பசியோட கெடப்பாரு. கை ரெண்டும் கட்டு. நான் போய்த்தான் ஊட்டணும்."

"வந்துகினு கீது, வாம்மா" என்றான் கிதர்.

தாசில்தாரின் உத்தரவைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கான்ஸ்டபிள் முன்னால் நடந்தார். அம்முலு அவரையும் முந்திக்கொண்டு நடந்தாள்.